சிவப்பு நகப்பூச்சு வைத்த இரண்டு ஸ்வரங்கள்

இஸ்மத்தக்காவைப் பற்றி எங்கள் கர்மூஸ் பேட்டையில் இரண்டு பேச்சு உண்டு. கஞ்சப் பிசினாறி என்பது ஒன்று. திமிர் பிடித்தவள் என்பது இன்னொன்று. முப்பத்தோரு வருஷம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தர்புக்கா மேளம் தட்டியவன் நான், ஷெஹாதா. என்னைக் கேட்டால் சொல்வேன். கஞ்சம் என்பது வடிகட்டிய பொய். திமிர் என்பது நிஜம். அந்தத் திமிரை அவள் உழைத்துச் சம்பாதித்திருந்தாள்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் காரணம் ஓர் ஆர்கன். இத்தாலியில் செய்தது, தக்காளி நிறம். மூடினால் பெட்டி, நாலு காலை மாட்டினால் வாத்தியம். அதன் கனத்தை என் முதுகெலும்பு சொல்லும். அலெக்சாந்திரியாவில் எத்தனை மாடிப்படி உண்டோ அத்தனையிலும் அதைத் தூக்கி ஏறியிருக்கிறேன். கண்ணாடிக் கூட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் விலை பேச வந்தார். புதினா டீ கொடுத்து, "வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்புங்க" என்று வழியனுப்பி வைத்தாள்.

அது அவளுக்கு வந்த விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எழுபத்து நான்கில் அக்காவுக்கு இருபத்தாறு வயது. தொலைபேசி நிலையத்தில் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, லைன் கொடுக்கும் இரைச்சலை வைத்தே, கூப்பிடுவது துறைமுகமா பருத்திக் கிடங்கா என்று சொல்லிவிடுவாளாம். அந்த நிலையத்தின் ஊழியர் மன்றத்தில் பல் விழுந்த பியானோ ஒன்று கிடந்தது. மற்ற பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் பூசணி விதை கொறித்துக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள். இவள் அந்தப் பியானோவோடு மல்லுக்கட்டுவாள். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. காதுதான் எல்லாம்.

கூட வேலை செய்த பெண்ணின் கல்யாணத்தில் கெவோர்க் என்ற ஆர்மீனியர் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது ஊரில் அவர் பெரிய கை. நடுவில் அவர் புகைக்க எழுந்து போன நேரம், தோழிகள் இஸ்மத்தைப் பிடித்து நாற்காலியில் தள்ளிவிட்டார்கள். மனுஷர் திரும்பி வந்தார். எழுந்திரு என்று சொல்லவில்லை. சிகரெட் விரலைச் சுடும்வரை அப்படியே நின்றாராம்.

ஒரு வாரத்தில் அவர் கனடாவுக்குக் கப்பல் ஏற இருந்தார். போவதற்கு முந்தைய நாள் குதிரை வண்டியில் ஆர்கனோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இதுக்குக் காசு வாங்கக் கூடாதும்மா. எனக்குக் கொடுத்தவனும் வாங்கல" என்றாராம். "உன்னவிட நல்லா வாசிக்கிற ஆளப் பாக்குற அன்னிக்கு, நாலு பேர் முன்னால 'இவன் என்னவிட மேல'ன்னு வாயால சொல்லிட்டு, அன்னிக்கே கொடுத்துடணும். நாளைக்குன்னு தள்ளிப்போட்டேன்னு வை, மனசு மாறிடும்."

மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் பென்சிலில் ஓர் இத்தாலியப் பெயர், அதன் கீழே கெவோர்க் என்ற பெயர். மூன்றாவதாக அக்கா தன் பெயரை எழுதினாள்.

ஆனால் அந்த ஆர்கனில் ஒரு குறை இருந்தது. வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில் குடியிருக்கும் ஸ்வரங்கள் நம் அரபுப் பாட்டில் உண்டு. நம் கல்யாணப் பாட்டில் பாதி அவற்றின்மேல்தான் நிற்கிறது. இத்தாலிக்காரனுக்கு அது எங்கே தெரியும்? கெவோர்க் வாசித்ததெல்லாம் நடன விடுதிப் பாட்டு, அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்கு வேண்டியிருந்தது. ரேடியோ பழுதுபார்க்கும் பையூமியின் கடைக்கு ஆர்கனைக் கொண்டுபோய்ப் பிரிக்க வைத்தாள். உள்ளே ஸ்வரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கம்பிச் சுருள்கள். ஒரு சுருளின் நடுத் திருகைத் திருகினால் அந்த ஸ்வரம் மேலே கீழே எல்லா ஸ்தாயியிலும் இறங்கும். பையூமி திருகினான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும்… இன்னும் கொஞ்சம்… நிறுத்து!" என்றாள். இப்படி இரண்டு சுருள்கள் கால் பங்கு இறங்கின. திருகு அசையாமலிருக்க அவற்றின்மேல் சிவப்பு நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்தாள். அவள் ஆயுசில் முதல் தடவையாக வாங்கிய நகப்பூச்சு அதுதான், நகத்தில் ஒருநாளும் பட்டதில்லை.

அன்றிலிருந்து கர்மூஸில் அவள் வாசிக்காத கல்யாணம் இல்லை. பெண்பிள்ளை ஆர்கன் வாசிப்பதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அதே ஆட்கள்தான் பிறகு தங்கள் பெண்ணின் தேதியை அவளைக் கேட்டுக் குறித்தார்கள்.

கெவோர்க்குக்குக் கொடுத்த வாக்கை அவள் ஒருநாளும் மறக்கவில்லை. ஆர்கன் வேண்டும் என்று வருபவர்களை ஏதாவது ஒரு கல்யாணத்தில் தன் இடத்தில் உட்கார வைத்து ஒரு பாட்டு வாசிக்கச் சொல்வாள். தான் பின்வரிசையில் போய் உட்கார்ந்து கேட்பாள். பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "நல்லா இருக்கு. ஆனா என்னவிட இல்ல."

நான் எண்ணியவரை பதினான்கு பேர். அதில் என் சித்தப்பா மகனும் ஒருவன். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"ஒத்துக்கிட்டா என்னக்கா? பையன் நல்லாத்தானே வாசிச்சான்?"

"நல்லாத்தான் வாசிச்சான். பொய் சொல்லணும்னா சொல்லு, சொல்றேன். அப்புறம் கெவோர்க் பேருக்குக் கீழ இருக்கிற என் பேர நீயே அழிச்சிடு."

வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் கத்தினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் மறைக்க முடியுமா? அவள் விரல் எங்கே தடுக்குகிறதோ அங்கே தாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது நான்தானே. ஒருநாள் டீ குடிக்கும்போது அவளே சொன்னாள்.

"டேய் ஷெஹாதா, இன்னும் ஒரு வருஷம் தாங்குமா இந்தக் கை?"

"தாங்கும்க்கா."

"பொய் சொல்றப்ப மீசையத் தடவாத. கை போயிடுச்சுன்னா யார்கிட்டக் கொடுக்கிறது? குவைத்துல இருக்கிற எம்மவன் இத ஏதாவது கடைக் கண்ணாடிக்குள்ள வெலைக்கு வெச்சிடுவான். என்னவிட மேலன்னு ஒரு ஆளக் கண்ணால பாத்துட்டுத்தான் நான் எந்திரிக்கணும். இல்லேன்னா அந்த மனுஷன்கிட்ட வாங்கியிருக்கவே கூடாது."

டீக் கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இனி வக்தி. அக்கா வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவன், நாற்பத்தெட்டு வயது. கடற்கரை ஓட்டல் ஒன்றின் கூடத்தில் தினமும் பியானோ வாசிப்பது வேலை. கழுத்துப் பட்டி, பளபளக்கும் ஷூ. காப்பி குடிக்கும் வெளிநாட்டார் காதில் உறுத்தாதபடி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் உத்தியோகம். அக்கா அவனை "ஓட்டல் துரை" என்பாள். ஆர்கன் வேண்டும் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கல்யாண வாசிப்பு தனக்கு வராது என்று அவனே சொல்லிக்கொள்வான். எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

அந்த வருஷம் அக்கா தன் தங்கையைப் பார்க்கத் தந்தா ஊருக்கு ஒரு வாரம் போனாள். ஜன்னலில் இருக்கும் துளசித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்படி வக்தியிடம் சாவியைக் கொடுத்திருந்தாள். பிள்ளையாண்டான் தண்ணீர் ஊற்றினான். அத்தோடு விட்டானா? ஆர்கனில் சில நாளாக ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அக்கா திரும்பி வருவதற்குள் சரிசெய்து வைத்தால் சந்தோஷப்படுவாளே என்று பிரித்தான். தூசி தட்டி, தளர்ந்த கம்பியைப் பற்றவைத்து இரைச்சலைப் போக்கினான். அதுவரைக்கும் புண்ணியம்தான்.

பிறகு ஸ்வரம் பார்க்கும் கருவியை வைத்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தான். பத்து சரி. இரண்டு கால் பங்கு இறங்கியிருந்தன. அந்த இரண்டு சுருளிலும் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. எவனோ கை வைத்துக் கெடுத்திருக்கிறான் என்று முடிவுகட்டி, பூச்சைச் சுரண்டி எடுத்து, இரண்டையும் கருவி காட்டிய இடத்துக்கு ஏற்றிவிட்டான்.

அவன் நம் ஊர்க்காரன்தானே, நடு ஸ்வரம் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் இப்போது கடையில் விற்கிற கீபோர்டுகளில் அதற்கென்று தனிப் பொத்தான்கள் இருக்கின்றன. தட்டினால் ஸ்வரம் இறங்கும், மறுபடி தட்டினால் ஏறும். அக்காவின் ஆர்கனிலும் அப்படி ஒரு பொத்தான் எங்கோ இருக்கிறது, அதைத்தான் அவள் தட்டி வாசிக்கிறாள் என்று நினைத்துவிட்டான். அந்தக் கிழட்டு ஆர்கனுக்கு ஏது பொத்தான்?

அக்கா தந்தாவிலிருந்து வியாழக்கிழமை மதியம் வந்து இறங்கினாள். அன்று மாலைத் தொழுகை முடிந்ததும் மீன்காரி உம் ஹாஷிமின் மகளுக்கு நிக்காஹ். ஆர்கனை வாசித்துப் பார்க்க நேரமில்லை, நேராக ஆட்டோவில் ஏற்றினோம். சந்து முழுக்கப் பந்தல். விளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம். ரோஜா சர்பத் தட்டுகள் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தன. விருந்தாளியாக வக்தியும் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. இரைச்சல் போனதை அக்கா கவனிக்கப்போகிறாள் என்ற ஆசை.

பெண்ணை வழியனுப்பும் பாட்டை அக்கா எடுத்தாள். கர்மூஸில் அந்தப் பாட்டு தெரியாத பெண் இல்லை. தர்புக்காவில் நான்காவது தட்டு தட்டியிருப்பேன், அந்த நடு ஸ்வரம் வர வேண்டிய இடத்தில் வேறெதுவோ வந்தது. அக்கா மறுபடி வாசித்தாள். மறுபடியும் அதே.

"ஏண்டி இஸ்மத், எம்மகளத்தான அனுப்பற? ஓட்டலுக்குக் காப்பி குடிக்கவா அனுப்பற?" என்று உம் ஹாஷிம் கத்தினாள். ஒரு சிரிப்பு எழுந்தது.

கறுப்புக் கட்டையையும் வெள்ளைக் கட்டையையும் மாற்றி மாற்றிப் படபடவென்று தட்டினால் நடு ஸ்வரம் போல ஒரு மயக்கம் வரும். அக்கா அதைத்தான் முயன்றாள். மரத்துப்போன விரல் ஒத்துழைக்கவில்லை. சறுக்கியது. மூன்று தடவை சறுக்கியது. அவள் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். என் கை தானாக நின்றுவிட்டது.

வக்தி வெளிறிப்போய் எழுந்து வந்தான்.

"அக்கா… நான்தான் சரிபண்ணேன்."

"எதச் சரிபண்ண?"

"ரெண்டு ஸ்வரம் எறங்கியிருந்துச்சு… செவப்பா எதோ இருந்துச்சு, சுரண்டிட்டேன். பொத்தான் இருக்கும்னு நெனச்சேங்க்கா."

"அறிவுகெட்டவனே! முப்பத்தாறு வருஷமா அந்த ரெண்டு ஸ்வரத்துலதான்டா நான் சோறு தின்னேன்!"

நான் அவனை அடிக்க எழுந்தேன். அக்கா என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள்.

"கெடுத்தது நீ. நீயே வாசி. பொண்ணு காத்துக்கிட்டிருக்கு."

அவள் முகத்தில் இருந்தது கோபம் மட்டும் இல்லை. அந்தக் கையால் இனி ஆகாது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு வக்திமேல் இருந்த வெறுப்பை எழுதினால் காகிதம் கருகும்.

ஓட்டல் துரை நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பாட்டை ஆரம்பித்தான். அந்த இடம் வந்தது. அவன் விரல் கட்டைக்குமேல் வந்து அப்படியே நின்றது. தப்பான ஸ்வரத்தை அழுத்த அவனுக்குப் பயம். அழுத்தவில்லை. அந்த இடம் காலியாகப் போயிற்று.

போகவில்லை. மீன் கூவி விற்ற தொண்டையால் உம் ஹாஷிம், பழக்க தோஷத்தில், அந்த ஸ்வரத்தைத் தானே பாடிவிட்டாள்.

வக்தி தலைநிமிர்ந்தான். அடுத்த சுற்றில் அதே இடத்தில் வேண்டுமென்றே விரலை எடுத்தான். இந்தத் தடவை பத்துப் பெண்கள். அதற்கடுத்த சுற்றில் அந்த இடத்துக்குப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தான். வருகிறேன் என்று காட்டினான், விலகிப்போனான். பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் சட்டென்று வந்து கையைத் தூக்கினான். நானும் தட்டுவதை நிறுத்திவிட்டேன். மாடி ஜன்னல்களிலிருந்து, சர்பத் தட்டுக்குப் பின்னாலிருந்து, கல்யாணப் பெண்ணின் வாயிலிருந்தும் அந்த ஒரு ஸ்வரம் எழுந்தது. கூடவே குலவை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குலவையை நான் கேட்டதில்லை. கேட்டதில்லை என்று எழுதவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். சர்பத் கோப்பையைக் கையில் பிடித்தபடி, குடிக்காமல், பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வாய் ஏதோ முணுமுணுத்தது. பாட்டு முடிந்ததும் ஓடிப்போய் அவள் காதருகே சொன்னேன்.

"அக்கா, இது கணக்குல வராது. பயத்துல தப்பிச்சுக்கிட்டான், அவ்வளவுதான். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"மொதல் தடவ பயம். மூணாவது தடவயும் பயமா?"

"ஆர்கனக் கெடுத்தவன்க்கா அவன்!"

"ஆமா, கெடுத்தவன்தான். ஆனா இத்தன வருஷமும் அந்த ஸ்வரத்த நானே வாசிச்சுக்கிட்டேன்டா ஷெஹாதா. ஒருதரம்கூட இவளுங்களுக்குக் கொடுத்ததில்ல. எனக்குத் தோணவே இல்ல பாரு."

கோப்பையை என் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் உலகத்தில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று அவள் பட்ட அவமானத்துக்கு அவனைத் திட்டியிருந்தால் நான்கு பேர் கூடச் சேர்ந்து திட்டியிருப்பார்கள். அவள் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இவன் பேரு வக்தி. இவன் என்னவிட மேல. இந்த ஆர்கன் இன்னியிலேருந்து இவனுது."

வக்தி, "வேணாங்க்கா, வேணாம், எனக்குத் தகுதியில்ல" என்று எழுந்தான்.

"தகுதிய நீயாடா சொல்றது? உக்காரு. அடுத்த பாட்ட எடு."

அன்றைக்கே கொடுத்தாக வேண்டும் என்பது கெவோர்க் போட்ட நிபந்தனை. அதனால் விருந்து முடிந்ததும் ஆர்கனை நான் இரண்டாம் மாடிக்குத் தூக்காமல் மூன்றாம் மாடிக்குத் தூக்கினேன். கண்டம் விட்டுக் கண்டம் போனவர் கொடுத்த பொருள், கடைசியில் கைமாறிப் போனது பதினெட்டுப் படி. மூடியைத் திருப்பி வக்தி தன் பெயரை எழுதினான். அக்கா தன் பெயரை ஒருமுறை விரலால் தொட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அவள் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது.

மறுநாள் காலை திருப்புளியோடு அவளே மேலே வந்தாள். புதிதாக ஒரு சிவப்பு நகப்பூச்சும் வாங்கி வந்திருந்தாள். வக்தி திருக, அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும்… இன்னும்… நிறுத்து" என்றாள். ஒரு சுருள் பழைய இடத்துக்கு இறங்கியது. அதன் தலையில் ஒரு சொட்டு வைத்தாள். மற்றதில் திருகு பாதியில் படீரென்று விரிசல் விட்டு இறுகிவிட்டது. அதுதான் வழியனுப்பும் பாட்டின் ஸ்வரம். இனி ஏறாது, இறங்காது.

வக்தி குழந்தை மாதிரி அழுதான். வேறு சுருள் தேடி ஊரெல்லாம் அலைகிறேன் என்றான்.

"அலையாத. கெவோர்க் எனக்கு ரெண்டு ஸ்வரம் இல்லாமத்தான் கொடுத்தாரு. நான் உனக்கு ஒண்ணு இல்லாமக் கொடுக்கறேன். லாபம் உனக்குத்தான்" என்று சொல்லி, நகப்பூச்சு மூடியைத் திருகி மூடினாள்.

அடுத்த வியாழன் பக்கத்துச் சந்தில் ஒரு கல்யாணம். அக்கா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். வாசிக்க வராமல் ஒரு பந்தலுக்குள் அவள் நுழைந்ததை அன்றுதான் பார்க்கிறேன். பின்வரிசைக்குப் போவாள் என்று பார்த்தால், முன்வரிசையில் பெண்களை இடித்துத் தள்ளி நடுவில் உட்கார்ந்தாள். வக்தி பாட்டை எடுத்தான். சுற்றிச் சுற்றி வந்தான். அந்த இடம் வந்ததும் விரலைத் தூக்கினான்.

எல்லோருக்கும் முன்னால் அக்காவின் குரல் வந்தது. அவள் பாடி நான் கேட்டதே இல்லை. கரகரத்த குரல், நடுங்கிய குரல். ஆனால் முப்பத்தாறு வருஷம் அந்த விரல்கள் நின்ற இடத்தில், ஒரு மயிரிழை கூடப் பிசகாமல் நின்றது.

கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது. ஒரு தாளம் விட்டுவிட்டேன். பந்தலில் ஒருவரும் கவனிக்கவில்லை. அக்கா மட்டும் பாடிக்கொண்டே திரும்பி என்னை முறைத்தாள்.